மூன்று கிராஸ் போன பிக்அப்பும் கிடைக்காத ஷாஃப்ட்டும்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன். விஷயம் இதுதான்.

வீட்டில் 2007 மாடல் பிக்அப் ஒன்று இருக்கிறது. கணவருக்கு முதுகுவலி வந்த பிறகு கொழுந்தனார் மகன் ஓட்டுகிறார். கேரட், முட்டைக்கோஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரத்தில் மூன்று நடை. மற்ற நாட்களில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பசுந்தேயிலையை ஃபாக்டரிக்கு அடிப்பது. வரவு செலவு நோட்டு சகோதரியின் கையில். அந்த நோட்டின்படி, பத்து மாதத்தில் மூன்று முறை கிராஸ் (ஷாஃப்ட்டைச் சாய்ந்து சுற்ற விடும் நான்கு கால் இணைப்பு) மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது முறை ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில், கிராஸைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் காதே உடைந்துபோனது. கம்பெனி டீலர், "இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது" என்றிருக்கிறார். கோவையில் ஒரு பழைய சாமான் கடையில் 6,500 ரூபாய்க்கு ஒரு ஷாஃப்ட் வாங்கிப் போட்டார்கள், பில் இல்லாமல். மூன்றே வாரத்தில் நடுக்கம் வந்து, ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கும் போய்விட்டது. கடைக்காரர், "பழைய சாமானுக்கு ஏதும்மா கேரண்டி" என்று கையை விரித்துவிட்டார்.

இப்போது தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர், வேறு மாடல் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். கணவரோ வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பாகம் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் கேட்க முடியாது என்றும் சொன்னார்களாம். "நல்ல டிரைவ் ஷாஃப்ட் எங்கே கிடைக்கும், வெல்டிங் வைத்ததை நம்பி மலை இறங்கலாமா, போன பணம் வருமா?" இவைதான் அவருடைய கேள்விகள். வண்டி இப்போது வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கிறது, ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டு, "முதல் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். இதைப் படித்ததும் முதலில் வெளியே போய் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். ஷாஃப்ட் இல்லாத வண்டியில் கியர் போட்டு நிறுத்துவது, அறுந்த கயிற்றில் மாட்டைக் கட்டுவது போல. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த ஷாஃப்ட்தான். அதைக் கழற்றிய பிறகு எந்தக் கியரில் போட்டாலும் நியூட்ரலில் நிற்பதாகத்தான் கணக்கு. இப்போது வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் கேபிள் ஒன்றுதான், அதற்கும் வண்டியின் வயதே இருக்கும். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம்மே கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும். அந்த வகையானால் ஷாஃப்ட் கழன்றதும் அதுவும் போயிற்று. நல்ல கனமான கல், இல்லாவிட்டால் ஆப்பு போல் செதுக்கிய மரக்கட்டை. முட்டுக்கட்டை போடுவதை ஊரில் யாரும் நல்ல காரியமாகச் சொல்வதில்லை, இங்கே அதுதான் நல்ல காரியம்.

இன்னொன்று. வேறொரு வண்டியில் கயிறு கட்டிக் கோவைக்கு இழுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், நடுவில் 33 கிலோமீட்டர்தான். லோடோடு 2.7 டன் எடையில் ஒரு வண்டி அந்த இறக்கத்தை இறங்கினால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வருகிற அளவு சூட்டை எங்கேயாவது வெளியே தள்ளியாக வேண்டும். காலி வண்டியானாலும் அதில் பாதிக்கு மேல் இருக்கும். வழக்கமாக அதில் பெரும்பங்கை எஞ்சின் பிரேக்கிங், அதாவது கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடிப்பது, வாங்கிக்கொள்ளும். ஷாஃப்ட் இல்லையென்றால் முழுச் சூடும் பிரேக்குக்குத்தான். எஞ்சினும் ஓடாமல் இழுத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் தீர்ந்து பிரேக் பெடல் கல்லாகிவிடும். வண்டி போக வேண்டியதில்லை, ஷாஃப்ட் மட்டும் போனால் போதும். பஸ்ஸில் லக்கேஜ் போட்டு அனுப்பலாம்.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது

நீங்கள் எல்லா இடத்திலும் "டிரைவ் ஷாஃப்ட்" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, வெளிநாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நம்மூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் காரின் முன் சக்கரத்துக்குப் போகிற ஆக்சில் என்றே எடுத்துக்கொள்வார்கள். போனில் கேட்டு "இல்லை" என்று பதில் வந்ததில் பாதி இதனாலேயே இருக்கலாம். "புரொப்பல்லர் ஷாஃப்ட்" என்று கேளுங்கள். உங்களுடையது இரண்டு துண்டு. கியர்பாக்ஸிலிருந்து சென்டர் பேரிங் வரை முன் துண்டு, அங்கிருந்து பின் ஆக்சிலின் ஹவுசிங் வரை பின் துண்டு. உடைந்தது பின் துண்டு மட்டும் என்றால் முழு செட் வாங்க வேண்டியதில்லை, பின் துண்டைத் தனியாகக் கேட்கலாம். "முழுசாத்தான் போடணும்" என்று உங்கள் மெக்கானிக் சொன்னது, முன் துண்டில் கிராஸும் ஸ்பிளைனும் (நீளவாக்கில் வெட்டிய பல் வரிசை) தேய்ந்திருந்தால் சரி. தேயவில்லை என்றால் வீண் செலவு.

சேசிஸ் நம்பர் முழுதாகக் கையில் இருக்கட்டும். ஒரே மாடலிலேயே வீல்பேஸும் கியர்பாக்ஸும் மாறியிருக்கும், அதற்கேற்ப ஷாஃப்ட்டின் நீளமும் மாறும். "2007 மாடல்" என்று மட்டும் சொன்னால் டீலருக்குத் தெரிந்ததில் ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். அந்த டீலரிடம் ஸ்டாக் இல்லாவிட்டாலும், பார்ட் நம்பர் இருந்தால் கோவை, ஈரோடு, சேலம் டீலர்களையும் மொத்தக் கடைகளையும் வீட்டில் உட்கார்ந்தே போனில் விசாரிக்கலாம்.

ஷாஃப்ட்டுக்கு முன்னால் பட்டையைப் பாருங்கள்

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "போன மார்கழியில் கமான் பட்டையில் இரண்டு பட்டை கூட்டினோம், லோடு நல்லா தாங்குது." கமான் பட்டை என்பது பாடிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே சுமை தாங்கும் இரும்புத் தகட்டு வில். என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மார்கழிக்கு முன் நான்கு வருடத்தில் ஒரு கிராஸ், அதற்குப் பிறகு பத்து மாதத்தில் மூன்று. இது உங்கள் நோட்டே சொல்கிற கணக்கு.

என்ன நடந்திருக்கும் என்றால், பட்டை கூட்டியதும் பாடி மேலே எழும்பியிருக்கும். ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் இருக்கிற ஷாஃப்ட்டின் சாய்வு கூடிவிட்டது. கிராஸ் ஜாயிண்ட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நேர்கோட்டில் இல்லாமல் சாய்ந்து சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பாலிடெக்னிக்கில் ஹூக்ஸ் ஜாயிண்ட் என்று படித்தது இதைத்தான். ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார், இன்றும் அந்தக் குணம் மாறவில்லை. இதைச் சமாளிக்கத்தான் பின் துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் வைத்து, ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டும்படி அமைக்கிறார்கள். இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால்தான் அது நடக்கும். ஒரு முனையில் 3 டிகிரி, மறு முனையில் 7 டிகிரி என்றால் ஷாஃப்ட் ஓடும் நேரமெல்லாம் தன்னையே அடித்துக்கொள்ளும்.

இதோடு மலை ஏற்றம் சேர்கிறது. சமவெளியில் ஷாஃப்ட்டுக்கு எதிரி வேகம். டாப் கியரில் எஞ்சின் 2,500 சுற்று ஓடினால் ஷாஃப்ட்டும் கிட்டத்தட்ட அதே அளவு சுற்றும், கொஞ்சம் பேலன்ஸ் தப்பினாலும் வண்டி உதறும். மலையில் வேகம் கிடையாது, முறுக்குதான் எதிரி. கேரட் மூட்டையோடு கொண்டை ஊசியில் நின்று முதல் கியரில் கிளட்சை விடும்போது, எஞ்சினின் முறுக்கு சுமார் நான்கு மடங்காகி அந்தச் சின்ன கிராஸின் நான்கு கால்கள் மேல் விழுகிறது. சாய்வும் தப்பாக இருந்தால் அந்தக் கால்களைச் சுற்றிக் கப்புக்குள் இருக்கும் ஊசி போன்ற நீடில் ரோலர்கள் காலில் கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும். கழற்றிய பழைய கிராஸை மண்ணெண்ணெயில் கழுவி விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் நான் சொல்வது சரி. துருப்பொடி சிவப்பாக வந்தால் கிரீஸ் போகவில்லை என்று அர்த்தம். இரண்டும் இருந்தாலும் வியப்பில்லை. கேரட் கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடுகிற வண்டி, அதற்கு மேல் வாரம் ஒரு வாட்டர் வாஷ் என்றால் கிரீஸ் எங்கே நிற்கும்.

ஆகவே புது ஷாஃப்ட் வந்து மாட்டுவதற்கு முன், கூட்டிய இரண்டு பட்டையையும் கழற்றச் சொல்லுங்கள். "லோடு தாங்குது" என்று ஓட்டுகிற பையன் சொல்வான். பட்டை கூட்டியதால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடை வரம்பு கூடிவிடாது. கூடுதல் லோடைப் பட்டை தாங்கலாம், கிராஸும், பின் ஆக்சிலின் கிரௌன் பல்சக்கரமும், பிரேக்கும் தாங்காது. பட்டை தளர்ந்துதான் போயிருந்தது என்றால், கூட்டாமல் வளைவு போன பட்டைகளை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷாஃப்ட்டை மாட்டியதும் சாய்வை அளக்க வேண்டும். செல்போனில் மட்டம் பார்க்கிற ஆப் போதும். வண்டி சமதளத்தில் தன் சக்கரத்திலேயே நிற்க, ஹவுசிங் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு மாட்டும் தட்டு) மேல் ஒரு முறை, ஷாஃப்ட் குழாய் மேல் ஒரு முறை, சென்டர் பேரிங் பக்கம் முன் துண்டின் மேல் ஒரு முறை வைத்துப் பாருங்கள். பின் துண்டின் இரு முனைச் சாய்வும் 1 டிகிரிக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம், லாரி வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி.

எங்கே தேடுவது, எதை அளப்பது

புதிது கிடைத்தால் புதிது. அது கிடைக்காவிட்டால், இதே மாடலின் பழைய ஷாஃப்ட்டை வாங்கிப் புதுக் கிராஸ், புதுச் சென்டர் பேரிங் போட்டு பேலன்ஸ் பார்த்து மாட்டுவது. மூன்றாவதுதான் வேறு மாடல் ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்ப்பது. கோவையில் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், சென்னை என்றால் புதுப்பேட்டை. ஆனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் நாமக்கல் பக்கம் போவேன். லாரித் தொழிலே வாழ்க்கையான ஊர் அது. ஷாஃப்ட் பழுது பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்களை அங்கே தேடுவது எளிது, கடைக்காரர் முகம் பார்த்து விலை சொல்கிற சோலியும் குறைவு.

போகும்போது உடைந்த துண்டுகள் அத்தனையும் எடுத்துப் போங்கள். எடுத்துப் போக முடியாத அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஞ்சில் எத்தனை போல்ட், எதிரெதிர் துளைகளின் இடைவெளி, கிராஸ் கப்பின் விட்டம், கப்பிலிருந்து கப் வரை நீளம், சர்க்ளிப் (கப்பைப் பூட்டும் வளையம்) வெளியே மாட்டுவதா உள்ளேயா, ஸ்பிளைனில் எத்தனை பல். மொத்த நீளத்தைச் சென்டர் பேரிங்கிலிருந்து ஹவுசிங் ஃபிளாஞ்ச் வரை வண்டியின் அடியிலேயே அளக்க வேண்டும். ஜாக்கி வைத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் கணக்கு தப்பும். அதுவும் பட்டையைக் கழற்றிய பிறகு, சமதளத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு. பட்டை இருக்கும்போது எடுத்த அளவில் ஷாஃப்ட் செய்தால், லோடு ஏற்றும்போது, நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்ட் முழுக்க உள்ளே அமுங்கிச் சென்டர் பேரிங்கை முட்டும். மூன்று வாரத்தில் பேரிங் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் வாங்கிய பழைய ஷாஃப்ட் ஒருவேளை இரண்டு விரற்கடை நீளமோ என்னவோ, உடைந்ததோடு ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

வெல்டிங் வைத்த ஷாஃப்ட்டை நம்பலாமா? செய்கிறவரைப் பொறுத்து. லாரிகளுக்கு தினமும் செய்கிற வேலைதான் இது, வெல்டிங் என்ற சொல்லுக்கே பயப்பட வேண்டாம். உங்கள் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குழாய் எது? ஷாஃப்ட்டுக்கென்றே வருகிற ஸ்டீல் குழாயா, தண்ணீர்க் குழாயா? தண்ணீர்க் குழாய் என்றால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடுங்கள். லேத்தில் பிடித்துச் சுற்றி, டயல் வைத்து ஆட்டம் பார்ப்பாரா? குழாயின் நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. கடைசியாக, பேலன்சிங் மிஷின் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்? "மலையில 30 தானே ஓட்டுவீங்க, பேலன்ஸ் எதுக்கு" என்று பதில் வந்தால், மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ரோடு சமதளம் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

காதுகளின் நேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பின் துண்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். நான் குன்னூரில் ஒரு பட்டறையில் தொழில் பழகிய காலத்தில், ஸ்லிப் ஜாயிண்ட்டை ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டேன். வண்டி பட்டறை வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. போல்ட்டும் பழையதைப் போடாதீர்கள். தலையில் 10.9 என்று குத்தியிருக்கும் ஹைடென்சில் போல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஓடும்போது முன் ஜாயிண்ட் கழன்றால் ஷாஃப்ட் ரோட்டில் குத்தும், இறக்கத்தில் அது நடந்தால் எஞ்சின் பிரேக்கிங்கும் அதோடு போய்விடும். சென்டர் பேரிங் பக்கம் ஷாஃப்ட் கீழே விழாமல் பிடிக்க இரும்பு வளையம் ஒன்று இருந்ததா, யாராவது கழற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

போன பணமும், சட்டமும்

15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பாகம் விற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை, டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வந்தது. இரண்டையும் யாரோ கலந்து சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு 8 வருடம் தாண்டியதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று), அதில் தேறினால் ஓட்டலாம். அதே அளவில் ஷாஃப்ட் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவையில்லை.

நுகர்வோர் விஷயம். நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் வண்டி வழக்குகளில் நுகர்வோர் ஆணையத்தின் முன் தொழில்நுட்பச் சாட்சி சொல்லியிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோர் இல்லை என்கிறது. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக வாங்குகிறவரை அந்தச் சட்டமே விலக்கி வைக்கவில்லை. ஒரே வண்டி வைத்துக் குடும்பமாகப் பிழைக்கிற நீங்கள் கேட்கலாம். பில் தர மறுப்பதும், பழுதான சாமானைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. திரும்ப எடுத்துப் பணம் தரப் பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நீங்கள் போனில் பணம் அனுப்பியிருப்பதால் அந்தப் பதிவே முதல் சாட்சி. முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதற்கும் மசியவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், இதில் உங்கள் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைக்காரர் தரப்பில் ஒரு மெக்கானிக் வந்து, "கூடுதல் பட்டை போட்டதால்தான் கெட்டது" என்றால், நானே சாட்சிக் கூண்டில் நின்றாலும் அதை மறுக்க முடியாது. ஷாஃப்ட் நீளம் தப்பு என்று நிரூபணமானால் கதை வேறு. அதனால் முதலில் அளவு எடுத்துப் படம் பிடியுங்கள், பிறகு கடைக்காரரிடம் நேரில் பேசி, பணத்துக்குப் பதில் சரியான அளவு ஷாஃப்ட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். 6,500 ரூபாய்க்கு அது நல்ல முடிவு என்பேன். இனி பழையது வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். ஷாஃப்ட்டில் சேசிஸ் நம்பர் இருக்காது, திருட்டு வண்டிச் சாமான் என்று நாளை பேச்சு வந்தால் உங்களைக் காப்பது அந்தத் துண்டுச் சீட்டுதான். இன்சூரன்ஸில் இதற்குப் பணம் வராது, இயந்திரப் பழுதை அது சேர்த்துக்கொள்வதில்லை.

வண்டியை எடைக்குப் போடும் யோசனையை ஒரு ஷாஃப்ட்டுக்காக முடிவு செய்யாதீர்கள். சேசிஸ் ஃபிரேமில் துரு எவ்வளவு, எஞ்சின் எப்படி, அடுத்த எஃப்.சி.க்கு என்ன செலவு, இவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். ஃபிரேம் நன்றாக இருந்தால் நான் விற்க மாட்டேன்.

மாட்டிய பிறகு 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ், ஒவ்வொரு வாட்டர் வாஷுக்குப் பிறகும் கிரீஸ். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் சீக்கிரம். நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு கப்பில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் காலுக்குக் கிரீஸ் போகவில்லை, அடுத்துப் போவதும் அதுதான். தேதியை அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். பட்டையைக் கழற்றிய பிறகும் கிராஸ் போனால் மறுபடி எழுதுங்கள், பழைய கிராஸின் நான்கு கால்களையும் கிட்டத்தில் படம் பிடித்து அதோடு சேர்த்து அனுப்புங்கள்.